தர்மத்துக்குப் பூத்த ரோஜாக்கள்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் தமிழ் ஐயா அதை மூச்சு விடாமல் ஒப்பித்துக் காட்டுவார். அந்த 99-ல் ரோஜா கிடையாது. காந்தள் இருக்கிறது, ஆம்பல் இருக்கிறது, குவளை இருக்கிறது. ரோஜா நமக்குப் பிந்தி வந்த விருந்தாளி. பெயரே கப்பலேறி வந்ததுதான். போர்த்துக்கீசியரின் 'ரோசா' நம் வாயில் ரோசாப்பூ ஆனது.

பிந்தி வந்தாலும் வீட்டையே பிடித்துக்கொண்ட விருந்தாளி அது. அரியலூர் கடைவீதியில் போய்ப் பாருங்கள். கல்யாண மாலைக்கும் ரோஜா, கட்சிக்காரர் மாலைக்கும் ரோஜா. கடைசி ஊர்வலம் போன பிறகு ரெட்டிபாளையம் தெருவில் இறைந்து கிடப்பதும் ரோஜா இதழ்தான்.

நான் இங்கே எழுத வந்தது ரோஜாவின் அழகைப் பற்றி அல்ல. அது சம்பாதித்துக் கொடுத்த தர்மப் பணத்தைப் பற்றி. மேல்நாடுகளில் ஒரு ஆஸ்பத்திரிக்காக, ஒரு நோயாளிக் கூட்டத்துக்காக என்றே சில ரோஜா ரகங்கள் பெயர் சூட்டி விற்கப்படுகின்றன. ஒவ்வொரு செடி விற்கும்போதும் ஒரு பங்கு அந்தக் காரியத்துக்குப் போய்விடும். இது எப்படி ஆரம்பித்தது, நம் நாட்டில் ஏன் வேறு மாதிரி ஆனது என்று கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ராணியின் துணி ரோஜா

கதையின் முதல் ரோஜா செடியில் பூத்ததே அல்ல. துணியில் செய்தது.

ஏழாம் எட்வர்டு மன்னரின் மனைவி அலெக்சாண்ட்ரா, டென்மார்க் நாட்டு இளவரசி. மன்னர் 1910-ல் காலமானார். ராணி இங்கிலாந்துக்கு வந்த ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாட வேண்டும் என்று 1912-ல் ஊரில் பேச்சு எழுந்தது. ஊர்வலம், விருந்து எல்லாம் வேண்டாம், லண்டன் தெருக்களில் ரோஜா விற்று அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுங்கள் என்று ராணி கேட்டுக்கொண்டார். டென்மார்க்கில் ஒரு பாதிரியார் தம் தோட்டத்து ரோஜாக்களை விற்று ஏழைகளுக்குக் கொடுத்து வந்ததைக் கேட்டுத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள்.

1912 ஜூன் 26-ஆம் தேதி முதல் 'அலெக்சாண்ட்ரா ரோஜா தினம்' நடந்தது. வெள்ளை உடை உடுத்திய பெண்கள் கூடைகளில் இளஞ்சிவப்புத் துணி ரோஜாக்களை ஏந்தித் தெருத்தெருவாக விற்றார்கள். ராணியே சாரட்டில் ஏறி நகரை வலம் வந்தார். அந்த ஒரு நாளில் 30,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அந்தத் துணி ரோஜாக்களைச் செய்தவர்கள் கை கால் ஊனமுற்ற, பார்வையற்ற பெண்கள். ஜான் குரூம் என்பவர் 1866-லிருந்து லண்டனில் தெருவோரம் பூ விற்ற ஏழைப் பெண்களைத் திரட்டி, செயற்கைப் பூச்செய்யும் தொழிலைக் கற்றுக்கொடுத்து வந்தார். ரோஜா தினம் வந்ததும் அந்தப் பெண்களுக்குக் கைநிறைய வேலை. ஆக, வாங்கியவர் கொடுத்த காசு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே ஒரு தர்மம் நடந்து முடிந்துவிட்டது.

சட்டையில் ஒன்றைக் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போடும் வழக்கம் அதற்குப் பிறகு பற்றிக்கொண்டது. முதல் உலகப் போர் தொடங்கியதும் பிரிட்டனில் காகிதக் கொடி விற்று நிதி திரட்டினார்கள். 1921 முதல் போர்வீரர்களுக்காகச் சிவப்பு பாப்பிப் பூ வந்தது. நம் நாட்டில் 1949 டிசம்பர் 7 முதல் கொடி நாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் குண்டூசியோடு ஒரு சின்னக் காகிதக் கொடியைக் கொடுத்து, நாளை காசு கொண்டு வா என்று சொன்னது நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கொடிக்கு அண்ணன் முறை இந்தத் துணி ரோஜா.

எந்த எட்வர்டு?

எட்வர்டு மன்னர் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் வீட்டு வாசல்களில் பூக்கும், மணமுள்ள இளஞ்சிவப்பு ரோஜாவுக்கு 'எட்வர்டு ரோஜா' என்று பெயர். உதிரிப்பூவுக்கு ஏற்ற ரகங்கள் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வதில் ஆந்திரா சிவப்பு ஒன்று, இது ஒன்று. பெயரைக் கேட்டால் ராணி அலெக்சாண்ட்ராவின் கணவர் பெயர்தான் என்று நினைக்கத் தோன்றும். அவர் பிறப்பதற்கு முன்பே இந்த ரோஜா பிறந்துவிட்டது.

இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. அப்போது அதற்குப் பூர்போன் தீவு என்று பெயர். அங்கே நிலத்துக்கு வேலியாக இரண்டு வகை ரோஜாக்களை நெருக்கி நடுவது வழக்கம். ஒன்று பன்னீருக்குப் பேர்போன டமாஸ்க் ரோஜா வகை. மற்றொன்று வருஷம் முழுக்கப் பூக்கும் சீன ரோஜா. 1817 வாக்கில் எட்வார் பெரிஷோன் என்பவரின் வேலியில், யாரும் கைவைக்காமல் இரண்டும் தானாகவே கலந்து ஒரு புதுச்செடி முளைத்ததாகச் சொல்கிறார்கள். டமாஸ்கின் மணமும் சீன ரோஜாவின் ஓயாத பூப்பும் சேர்ந்த செடி. அதற்கு 'ரோஸ் எட்வார்' என்று பெயர் வைத்தார்கள். அதுதான் நம் ஊரில் எட்வர்டு ஆகிவிட்டது. பிற்பாடு அதே தீவுக்குத்தான் தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கரும்பு வெட்டப் போனார்கள். அங்கிருந்து ரோஜா வந்தது, இங்கிருந்து ஆட்கள் போனார்கள்.

இந்த ரோஜாவுக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. குச்சியை ஒடித்து நட்டால் வரும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செடிக்குச் சொந்தக்காரர் உண்டா?

துணி ரோஜாவில் காசு வருவது புரிகிறது. உயிருள்ள செடியில் தர்மப் பணம் எப்படி வரும்? அதற்கு முதலில் செடிக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும்.

ஒரு புது ரோஜா ரகத்தை உண்டாக்குவது பெரிய பாடு. தாய்ச்செடியில் பூ விரியும் முன்பே இதழ்களையும் மகரந்தப் பைகளையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். மறுநாள் தகப்பன் செடியின் மகரந்தத்தைச் சிறு தூரிகையால் தடவி மூடிவைக்க வேண்டும். காய் பழுக்க நாலு மாதம் ஆகும். உள்ளே உள்ள விதைகளை எடுத்து முளைக்க வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி பூக்கும். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஒன்றிரண்டுதான் தேறும். அதையும் பல வருஷம் வெயிலிலும் மழையிலும் வைத்துப் பார்த்துத்தான் வெளியே விட முடியும். மொத்தம் எட்டு, பத்து வருஷம் ஓடிவிடும்.

வெளியே விட்டதும் என்ன நடக்கும்? ஒரு செடி வாங்கியவர் அதிலிருந்து கண்களைச் சீவி எடுத்து, வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டி ஆயிரம் செடி பண்ணிவிடுவார். பத்து வருஷ உழைப்பு ஒரே பருவத்தில் ஊர்ச்சொத்து ஆகிவிடும். புத்தகம் எழுதியவருக்கு ராயல்டி உண்டு, பாட்டுக்கு உண்டு, இயந்திரத்துக்குக் காப்புரிமை உண்டு. செடிக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

1930-ல் அமெரிக்கா தாவரக் காப்புரிமைச் சட்டம் கொண்டு வந்தது. அதன்படி 1931-ல் வழங்கப்பட்ட முதல் காப்புரிமை, 'நியூ டான்' என்ற கொடி ரோஜாவுக்கு. உலகத்திலேயே முதல் தாவரக் காப்புரிமை ஒரு ரோஜாவுக்குப் போனது பொருத்தம்தான்.

அந்தச் சட்டத்தின் பலனை முழுதாகக் காட்டிய ரோஜா 'பீஸ்', அதாவது சமாதானம். பிரான்சில் பிரான்சிஸ் மெய்யான் என்ற இளைஞர் 1935-ல் ஒட்டுச்சேர்த்து உண்டாக்கியது. போர் மூண்டு ஜெர்மானியர் உள்ளே நுழையும் முன்பே அதன் குச்சிகள் அமெரிக்காவுக்குப் போய்விட்டன. ஐரோப்பாவில் போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரல் 29-ல் அதற்குப் 'பீஸ்' என்று பெயர் சூட்டினார்கள். அப்போது ஐக்கிய நாடுகள் சபையை உருவாக்க சான்பிரான்சிஸ்கோவில் கூடியிருந்த தூதுக்குழுத் தலைவர்கள் ஒவ்வொருவர் அறைக்கும் ஒரு பீஸ் ரோஜா போனது. மஞ்சளும் ரோஸ் ஓரமும் கலந்த அந்தப் பூ கோடிக்கணக்கில் விற்றது. ஒவ்வொரு செடிக்கும் மெய்யான் குடும்பத்துக்கு ஒரு பங்கு போனது.

1961-ல் பாரிசில் நாடுகள் கூடிப் புதுத் தாவர ரகங்களைப் பாதுகாக்க ஒப்பந்தம் செய்துகொண்டன. 1964-ல் பிரிட்டன் தன் சட்டத்தைக் கொண்டு வந்தது. அதன் பிறகு ரோஜா உண்டாக்குபவருக்குச் செடிக்கு இவ்வளவு என்று ராயல்டி உறுதியாயிற்று. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஒரு நல்ல காரியத்துக்கு எழுதிவைக்கலாம் என்ற வழியும் அப்போதுதான் திறந்தது.

நடைமுறை இதுதான். ரோஜாப் பண்ணையில் பெயர் வைக்காத நல்ல நாற்றுகள் எண் அட்டையோடு காத்திருக்கும். ஒரு அறக்கட்டளை வந்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பெயர் சூட்டுவார்கள். செடி விலையில் இவ்வளவு எங்களுக்கு என்று ஒப்பந்தம் போடுவார்கள். கடையில் விற்கும் பெயர் ஒன்று, பதிவேட்டில் உள்ள பெயர் வேறு. பதிவேட்டுப் பெயரின் முதல் மூன்று எழுத்து உண்டாக்கியவரைச் சொல்லும். மெய்யானுக்கு 'மெய்', ஜெர்மனியின் கோர்டெசுக்கு 'கோர்', இங்கிலாந்தின் ஹார்க்னெசுக்கு 'ஹார்'. ஊரில் கூப்பிடும் பெயர் என்னவாக இருந்தாலும் பத்திரத்தில் இனிஷியல் மாறாது அல்லவா, அதுபோல.

டயானாவின் இரண்டு ரோஜாக்கள்

இதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இளவரசி டயானா. பிரிட்டனின் நுரையீரல் அறக்கட்டளையோடு அவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. ஹார்க்னெஸ் பண்ணை உண்டாக்கிய கொத்துக்கொத்தாகப் பூக்கும் ஒரு வெள்ளை ரோஜாவுக்கு 1997-ல் 'பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ்' என்று பெயர் சூட்டினார்கள். நுரையீரல் நோயாளிகளுக்கான அந்த அறக்கட்டளைக்கு உதவும் ரோஜா அது. டயானா உயிரோடு இருக்கும்போதே வைத்த பெயர்.

அதே 1997 ஆகஸ்ட் 31-ல் பாரிசில் விபத்து. அந்த வாரம் நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அந்தச் செய்தி அடங்கும் முன்பே செப்டம்பர் 5-ல் கல்கத்தாவில் அன்னை தெரசா மறைந்தார். டீக்கடையில் ஒரே பேப்பரில் இரண்டு பேர் படத்தையும் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

மறு வருஷம், 1998-ல், அமெரிக்காவின் ஜாக்சன் அண்டு பெர்கின்ஸ் நிறுவனம் 'டயானா, பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ்' என்று இன்னொரு ரோஜாவை வெளியிட்டது. தந்த நிறத்தில் இளஞ்சிவப்பு ஓரம். விற்கும் விலையில் 15 சதவீதம் டயானா நினைவு நிதிக்கு என்று அறிவித்தார்கள். நம் கணக்கில் சொன்னால் 100 ரூபாய் செடிக்கு 15 ரூபாய். அந்த நினைவு நிதி கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள், மரணப் படுக்கையில் இருப்பவர்கள் ஆகியோருக்கான பணிகளுக்குப் பல வருஷம் பணம் கொடுத்துவிட்டு 2012 இறுதியில் மூடப்பட்டது.

இதில் ஒரு நல்லதும் ஒரு பலவீனமும் இருக்கிறது. நல்லது என்னவென்றால், கொடுப்பவருக்குக் கொடுக்கிறோம் என்ற கனமே இல்லை. தோட்டத்துக்குச் செடி வாங்குகிறார், பங்கு தானாகப் போய்விடுகிறது. பலவீனம், விற்றால்தான் பங்கு. பெயருக்காக ஒரு தடவை வாங்குவார்கள். செடியில் கரும்புள்ளி நோய் விழுந்தால், பூ சீக்கிரம் உதிர்ந்தால், அடுத்த தடவை யாரும் கேட்க மாட்டார்கள். பண்ணை அதை விலைப்பட்டியலிலிருந்து எடுத்துவிடும். நல்ல காரியத்துக்கான ரோஜா முதலில் நல்ல ரோஜாவாக இருந்தாக வேண்டும்.

செப்டம்பர் 22

நம் நாட்டில் இந்த மாதிரி செடிக்கணக்கு பரவவில்லை. நமக்கு வந்து சேர்ந்தது வேறு ஒரு ரோஜா நாள். பிப்ரவரியில் வரும் காதலர் வாரத்து ரோஜா தினம் அல்ல. செப்டம்பர் 22, புற்றுநோயாளிகளுக்கான உலக ரோஜா தினம்.

கனடாவில் மெலிண்டா ரோஸ் என்று ஒரு சிறுமி. 1994-ல் அவளுக்கு அபூர்வமான ஒரு புற்றுநோய் வந்தது. வயது 12. சில வாரம்தான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவள் சுமார் ஆறு மாதம் இருந்தாள். இருந்த நாளெல்லாம் மற்றப் புற்றுநோயாளிகளுக்குக் கடிதமும் கவிதையும் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் நினைவாக அந்த நாள். ரோஸ் என்பது அவள் குடும்பப் பெயர். அதனால்தான் ரோஜா. இந்தியாவில் பல புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் அன்று நோயாளிகளுக்கு ஆளுக்கொரு ரோஜா கொடுப்பார்கள்.

என் மனைவிக்கும் கொடுத்தார்கள். ஊர் வேண்டாம், ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். மூன்றாவது கீமோ முடிந்த சமயம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து, சிரித்துக்கொண்டே நீளமான காம்போடு ஒரு சிவப்பு ரோஜாவைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். பாலித்தீன் சுற்றியிருந்தது. இவள் முகர்ந்து பார்த்தாள். மணம் இல்லை.

"ஏங்க, இந்தப் பூவ வாங்குன காசுக்கு யாருக்காச்சும் ஒருவேள மாத்திர வாங்கிக் குடுத்திருக்கலாமே?" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் ஜெயங்கொண்டம் பக்கத்து அம்மா ஒருத்தர். "அட போ தாயி. எனக்குக் கல்யாணத்தன்னிக்கு வச்சதுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் ஒருத்தங்க பூ குடுத்திருக்காங்க" என்றார். என் மனைவி மறுபேச்சுப் பேசவில்லை. தன் பூவையும் அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். பூ மாத்திரை வாங்காது. அதற்குச் சட்டமும் கணக்கும் ஒப்பந்தமும் வேண்டும், ஹார்க்னெஸ் பண்ணையில் நடந்தது போல. ஆனால் மெலிண்டா கொடுத்ததும் பணம் இல்லையே, கடிதம்தானே. ஒருவருக்குத் தன்னை யாரோ நினைத்திருக்கிறார்கள் என்று தெரிவதும் ஒரு கொடைதான்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் கதை இரண்டையும் சேர்த்துக் காட்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் தங்கையின் நினைவை முப்பது வருஷம் மனதில் சுமந்தார் அவர். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அடுத்த வருஷம் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் மறையும் வரை அங்கேயே இருந்தார். நினைவு முதலில், பணம் பிறகு. பணத்தையும் ஊர் ஊராகப் பொதுமக்களிடம்தான் திரட்டினார்கள்.

பெயரைக் கொடுத்த இந்திய ரோஜாக்கள்

ஊட்டி ரோஜாப் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். 1995-ல் நூறாவது மலர்க் கண்காட்சியையொட்டித் தொடங்கியது. அங்கே செடிக்குச் செடி பெயர் அட்டை இருக்கும். அடுத்த தடவை போனால் பூவை மட்டும் பார்க்காமல் அட்டையையும் படியுங்கள். இந்தியாவில் ரோஜா உண்டாக்கியவர்கள் அதைக் காசாக்கவில்லை, பெயராக்கினார்கள் என்பது தெரியும்.

டாக்டர் பி.பி. பால், கோதுமை ஆராய்ச்சியாளர். பர்மாவில் வளர்ந்தவர். டில்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக 1950 முதல் 1965 வரை இருந்தார். அலுவலில் கோதுமை, ஆசைக்கு ரோஜா. 'ரோஸ் சர்பத்' தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட ரோஜா ரகங்களை உண்டாக்கினார். அணு விஞ்ஞானி ஹோமி பாபா 1966 ஜனவரியில் விமான விபத்தில் இறந்த பிறகு வந்த வெள்ளை ரோஜா ஒன்றுக்கு 'டாக்டர் ஹோமி பாபா' என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் நம் நாட்டில் தாவர ரகத்துக்கு உரிமைச் சட்டமே இல்லை. எந்த நர்சரியும் ஒட்டுக்கட்டி விற்கலாம். சட்டம் வந்தது 2001-ல். அதிலும் விவசாயி தன் விளைச்சலையும் விதையையும் சேமித்து வைக்க, மறுபடி விதைக்க, பிறரோடு பகிர்ந்துகொள்ள உரிமை இருக்கிறது என்று எழுதிவைத்தார்கள்.

நமக்குக் கிட்டத்தில் கொடைக்கானலில் ஒருவர். எம்.எஸ். வீரராகவன், ஆந்திரப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். வேலையை விட்டு வந்து மனைவி கிரிஜாவோடு ரோஜா உண்டாக்குவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். குளிர்நாட்டு ரோஜா நம் வெயிலில் வதங்குகிறது, ஆகையால் நம் மண்ணின் காட்டு ரோஜாக்களைக் கலக்க வேண்டும் என்பது அவர் வழி. மணிப்பூர் மலையில் பெரிதாகப் பூக்கும் காட்டு ரோஜா ஒன்றையும், தண்ணீர் நிற்கும் ஆற்றோரங்களில் வளரும் இன்னொன்றையும் கொண்டு வந்து சேர்த்தார்.

அவர்கள் உண்டாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு 'இ.கே. ஜானகி அம்மாள்' என்று பெயர். ஜானகி அம்மாள் 1897-ல் தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1931-ல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பைப் பிற புல்வகைகளோடு கலந்து ஆராய்ந்தவர். எறையூர் ஆலைக்கு வண்டி வண்டியாகக் கரும்பு ஏற்றிய நம் பக்கத்துச் சம்சாரிகளில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்போம்? 1984-ல் அவர் இறந்தார். பல வருஷம் மறந்து கிடந்த பெயரை ஒரு ரோஜா திரும்பக் கொண்டு வந்தது. இதில் ராயல்டி பங்கு இல்லை. ஆனாலும் இது தர்மம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

நந்தவனத்துக் கணக்கு

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு நம் ஊர்க் கோயில்கள் ஞாபகத்துக்கு வந்தன. கங்கைகொண்ட சோழபுரம் நமக்குப் பக்கம்தான். சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் சொல்வார்கள், திருநந்தவனத்துக்கு இத்தனை குழி நிலம், பூப்பறித்துத் தொடுப்பவருக்கு இத்தனை நெல், தண்ணீர் இறைப்பவருக்கு இவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள். அங்கே மேல்நாட்டில் பூ தர்மத்துக்குச் சம்பாதித்தது. இங்கே தர்மம் பூவைக் காப்பாற்றியது. அந்த நிலத்தை நம்பி நாலு குடும்பம் பிழைத்தது. ஜான் குரூமின் பெண்களுக்குத் துணி ரோஜா செய்தது போலத்தான்.

நம் பக்கம் ரோஜா வளர்ப்பதற்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு காலத்தில் கடலாக இருந்த மண் இது. தோண்டினால் சுண்ணாம்புக்கல், கல்லாகிப்போன சிப்பி. ரோஜாவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எங்கள் வீட்டில் அதற்கு வைத்தியம், நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கித் தண்ணீரில் கொஞ்சமாகக் கரைத்துத் தெளிப்பதும், தொட்டியில் மட்கிய தொழுவுரத்தை நிறையப் போடுவதும்தான். ஒட்டுச்செடி முரண்டு பிடித்தாலும் எட்வர்டு ரோஜா இந்த மண்ணைப் பொறுத்துக்கொண்டு எங்கள் வாசலில் பூக்கிறது.

ஆகவே என் யோசனை ஒன்று. எட்வர்டு ரோஜாவுக்குக் காப்புரிமையும் இல்லை, ராயல்டியும் இல்லை. ஆடி மாதம் கவாத்துச் செய்யும்போது வெட்டிப் போடும் குச்சிகளில் பென்சில் கனத்தில் இருப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு போதும். மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்த பாலித்தீன் பையில் பாதி புதையும்படி ஊன்றி, நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்து வாருங்கள். செப்டம்பர் 22, புரட்டாசி முதல் வாரத்தில் வரும். அதற்குள் தளிர் விட்டிருக்கும். ஐப்பசி மழைக்குத் தரையில் இறக்கச் சரியான நேரம்.

பத்துப் பேர் ஆளுக்கு இருபது பை போட்டால் இருநூறு செடி. செடி முப்பது ரூபாய் என்று வைத்தால் ஆறாயிரம் ரூபாய். வைத்தியத்துக்குச் சென்னைக்கோ திருச்சிக்கோ மாதாமாதம் போய்வரும் நம் பக்கத்து நோயாளிகள் நாலைந்து பேருக்குப் பயணச் செலவுக்கும் வழிச் சாப்பாட்டுக்கும் உதவும். சின்னத் தொகைதான். ஆனால் செடி வாங்கிப் போன வீட்டில் அது வருஷா வருஷம் பூக்கும், அடுத்த ஆடிக்கு அங்கிருந்தும் குச்சி கிடைக்கும்.

எங்கள் வீட்டுச் செடியில் இப்போது இருபத்தைந்து குச்சி தேறும். வேண்டியவர்கள் ஆடி பிறந்ததும் வந்து வெட்டிக்கொள்ளலாம். பையும் மண்ணும் நீங்கள் கொண்டு வாருங்கள்.